தர்மா கேட்ட டிஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை ஹட்டனில் கொட்டகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். மடியிலிருந்த பையில் தர்மா கேட்ட ஹார்ட் டிஸ்க். அவருடைய மனைவி செல்வி போனில் அழைத்தார். "அண்ணே, அவரு காலையில எந்திரிக்கல" என்றார். எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், டாக்டர் வந்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பஸ் புறப்பட்டது. டிக்கெட் எடுத்தேன்.

தர்மா என்கிற தர்மலிங்கம் இருபத்திரண்டு வருடங்கள் என் செய்திகளுக்குப் படம் எடுத்தவர். தேயிலைத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். அந்தப் படங்கள் முழுவதும் அவர் வீட்டு முன்னறையில், ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டியில் இருந்தன. அதற்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் பதிவது மற்றதிலும் பதியும். வீட்டுக்குள் எங்கிருந்தும் போனிலேயே படங்களைத் திறக்கலாம்.

படங்களை அவர் பெயர் வைத்தோ தேதி வைத்தோ பிரிக்கவில்லை. தோட்டம், டிவிஷன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயம், அதில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவின் இலக்கம். ஏன் என்று கேட்டேன். "ஒரு லயத்துல மூணு முத்தையா இருப்பாங்கண்ணே. காம்பரா நம்பர் ஒண்ணுதான்" என்றார். லிந்துலைப் பக்கம் ஒரு லயம் எரிந்தபோது அந்தக் குடும்பங்கள் அவர் வாசலுக்கு வந்தன. இலக்கத்தைச் சொல்லச் சொல்லத் திறந்து காட்டினார். ஒரு பெண் தன் கல்யாணப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சேலையும் போயிருச்சி" என்று மட்டும் சொன்னார்.

இடி முழங்கினால் மலையில் எல்லாரும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். பெட்டியை முதலில் நிறுத்திவிட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்று தர்மா சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். அவர் ராகலைக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டுக்கு வந்திருந்த உறவினர் உதவி என்று நினைத்து அப்படியே பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டபோது ஒரு டிஸ்க்கின் விளக்கு சிவப்பாக எரிந்தது. "இப்ப ஒத்தக் கால்ல நிக்கிது. மத்ததும் போனா அம்புட்டும் போச்சி. கண்டிக்குப் போறப்ப ஒண்ணு வாங்கியாங்க" என்றார். இரண்டு தடவை போய் வெறுங்கையோடு வந்தேன். "நியூஸ் மட்டும் ஒடனே கொண்டாந்துருவீங்க" என்று சிரித்தார். மூன்றாவது தடவை வாங்கினேன். நேரில் கொடுக்கலாம் என்று, வாங்கியதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் செல்வி என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "கொண்டாந்தீங்களா?" பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று தர்மா சொல்லி வைத்திருந்தார். பழுதானதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். எல்லாம் பதிய ஒன்பது மணித்தியாலம் என்று திரை காட்டியது. அவரை அடுத்த அறையில் கிடத்தியிருந்தார்கள்.

பிற்பகலில் இடி தொடங்கியது. துக்கத்துக்கு வந்திருந்த ஒருவர் எழுந்து வழக்கப்படி பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். செல்வி போய்ப் பெட்டியின் பிளக்கை மறைத்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"அத மட்டும் விடுங்க. இன்னும் முடியல."

மழை விடும்வரை அவர் அங்கிருந்து எழவில்லை.

மறுநாள் தர்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது இரண்டு விளக்குகளும் பச்சையாக இருந்தன. பாஸ்வேர்டைச் செல்விக்குச் சொன்னேன். அவர் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது படம் தேவைப்பட்டால் அவரிடம் காம்பரா இலக்கத்தைச் சொல்லுங்கள்.

பழுதான டிஸ்க்கை நான் எடுத்து வந்தேன். அது இனித் திறக்காது. நான் கண்டிக்கு எடுத்துப் போகிற பையில் இப்போது அதுதான் இருக்கிறது.