டஸ்டிக்கு வாங்கிய சான்றிதழ்

எங்கள் ஊரில் நாயை யாரும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அது தானாகவே போகும். கரூர்க் கடைவீதியில் அரிசி மூட்டைக்கும் தராசுக்கும் நடுவே படுத்துக் கிடக்கும். கடைக்காரர் காலால் தள்ளுவார், ஒரு முழம் நகர்ந்து படுக்கும். மத்தியானம் அதே மனிதர் ஒரு வர்க்கியை வீசுவார். உள்ளே வர உனக்கு என்ன உரிமை என்று அதை ஒருவரும் கேட்டதில்லை. இங்கே டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், நான் நாயைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துப் பால் வாங்கப் போகிறேன். அது மகாராணிபோல முன்னால் உட்கார்ந்து வரும், நான் பின்னால் தள்ளிக்கொண்டு போவேன். ஊரில் இதைப் பார்த்தால் கல்லெடுத்து அடிப்பார்கள், நாயை அல்ல, என்னை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். மேற்கொண்டு எழுதுவதைக் கோபத்தோடுதான் எழுதப்போகிறேன்.

எனக்குப் படபடப்பு. அது முதலில் வந்த நாளைச் சொல்கிறேன். தொண்ணூற்றாறில் ஒரு காலை, சூப்பர்மார்க்கெட்டில் சீரியல் டப்பாக்கள் அடுக்கிய நீண்ட சந்தில் நின்றிருந்தேன். ஒரு சோளத்தை இத்தனை விதமாகவா பொரிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விரல்கள் மரத்தன. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டார்கள். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது, நினைத்தேன் என்று எழுதமாட்டேன், தெரிந்தது. தரையில் உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று ஏதோ வாழ்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது காரில், "அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்கல்ல புள்ள, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வர்றே?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த ஒன்றுமில்லாததுதான் பிறகு பதினோரு மாதம் என்னைத் தனியாகக் கடைவாசல் மிதிக்கவிடவில்லை. சனிக்கிழமைகளில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன், திருவிழாக் கூட்டத்தில் குழந்தை போவதைப்போல. பதினெட்டு வயதில் தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போனவள் நான்.

மார்கரெட் என்ற கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். வெள்ளை முடி, ஆண்பிள்ளைச் செருப்பு. மூன்று மாதம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "ஒரு நாய் வளர்த்துப் பாருங்களேன்" என்றாள். அனாதை நாய்கள் காப்பகத்தில் ஒன்று எங்கள் ஊர்த் தெருநாய் நிறத்தில், செம்மண்ணில் புரண்டு எழுந்ததுபோல நின்றது. அங்கேயே டஸ்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு வித்தையும் தெரியாது. கையைக் கொடு என்றால் கொடுக்காது. ஆனால் என் மூச்சு மாறினால் அதற்குத் தெரியும். வந்து தாடையை என் மணிக்கட்டின்மேல் வைக்கும். அந்தத் தாடையின் கனம், அந்த ஈர மூச்சின் சூடு, அது போதும், சாய்ந்த தரை மெல்ல நிமிரும். முதல்முறை அதோடு தனியாகக் கடைக்குள் போய் ஒரு கேலன் பால் வாங்கி வந்து, காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு ஏழு மாதம், ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்கு, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லாவில் நிற்கும் கிழவர், "ஹௌடி, லிட்டில் லேடி" என்பார். எனக்கில்லை, அதற்கு.

கேட்டவர்கள் நம் ஆட்கள்தான். வசந்தா, சேலத்துக்காரி, எங்கள் அபார்ட்மெண்டிலேயே மேல்மாடி. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்கில் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா, நாயைக் கூட்டிக்கிட்டு ஷாப்பிங் பண்றீங்களாமே? வெள்ளைக்காரியாவே ஆயிட்டீங்க போங்க."

"டாக்டர் சொன்னதும்மா."

"டாக்டரு நாயை எழுதிக் குடுத்தாரா? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை எரிகிறது. "ஊர்ல இருந்தா ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டியிருப்பாங்க, சரியாப் போயிருக்கும்" என்று ஒரு அம்மாள் சொன்னார். அவர் மணிக்கட்டில் கறுப்பில் ஒன்று, சிவப்பில் ஒன்று. அந்தக் கயிறுகளோடு அவர் எந்தக் கடைக்குள்ளும் போகலாம். கயிறு என்ன வேலை செய்கிறது, எங்கே பயிற்சி எடுத்தது என்று எந்த மேனேஜரும் கேட்கப்போவதில்லை. என் கயிற்றுக்கு நாலு காலும் ஒரு வாலும் இருக்கிறது, அவ்வளவுதானே வித்தியாசம்? இதை அன்று சொல்லியிருக்க வேண்டும். நமக்கு நல்ல பதில்கள் எல்லாம் பாத்திரம் கழுவும்போதுதான் வருகின்றன.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு மனிதன் பிறந்ததையும், அவன் இன்ன சாதி என்பதையும், அவன் செத்ததையும் மூன்று நகல் அடித்துக் கொடுத்தவள் நான். அந்த வராந்தாவில் மனிதர்கள் கைகட்டி நிற்பார்கள், பச்சை மைக் கையெழுத்துக்காக. பச்சை மை விழாத வரை அவர்கள் சொல்வது சொல் அல்ல. விழுந்துவிட்டால் பொய்கூடச் சத்தியம். அந்த வராந்தாவை நான் விட்டுவந்தேன், அது என்னை விடவில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் நாய் வைக்க அனுமதி வேண்டும் என்பதற்காக மார்கரெட் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். இந்தப் பெண்மணிக்குப் பதற்ற நோய், இந்த நாய் அவருக்கு மனத்துணை, எமோஷனல் சப்போர்ட், என்று இரண்டே வரி. அதை அவள் எழுதியது எங்கள் வீட்டுக்காக மட்டும். நான் உலகத்துக்கே எழுதியதாக எடுத்துக்கொண்டேன். "பச்சை இங்க்கில் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டேன். அவள் மேசையெல்லாம் தேடிவிட்டு நீலம்தான் இருக்கிறது என்று வருத்தப்பட்டாள். எதற்குப் பச்சை என்று கேட்கவில்லை, அதுவும் என் நோயின் ஒரு பகுதி என்று குறித்துக்கொண்டிருப்பாள். வங்கியில் நோட்டரியிடம் போய் முத்திரை வாங்கினேன். மூன்று நகல். லாமினேஷன். பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை இருக்கும் அதே ஃபைலில் வைத்து, ஏழு மாதமும் கைப்பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று மனசுக்குள் ஓர் ஆசைகூட இருந்தது. இத்தனை முத்திரையை யாரிடமும் நீட்டாமல் வைத்திருப்பது எப்படி?

ஆகஸ்டில் கேட்டார்கள். புது மேனேஜர், கழுத்து டை, என் மகளைவிடப் பத்து வயது மூத்திருக்கலாம். மரியாதையாகத்தான் வந்தான். "இஸ் தட் எ சர்வீஸ் அனிமல், மேம்?" பயிற்சி கொடுத்த உதவி நாயா என்று அர்த்தம். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்போல. 'எஸ்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான். காகிதம் காட்டச் சொல்லிக் கேட்கும் வழக்கமே இங்கே இல்லையாம், பிறகு மார்கரெட் சொன்னாள். வாய்ச்சொல் போதுமாம். வாய்ச்சொல் போதும் என்ற ஒரு தேசம் இருக்கும் என்று தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டுக்கு எப்படித் தெரியும்? நான் ஃபைலைத் திறந்தேன். லாமினேட் செய்ததை இரண்டு கையாலும் நீட்டினேன், மனு கொடுப்பதுபோல.

அவன் படித்தான். நிதானமாக, உதடு அசைய. நோட்டரி முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "அப்படியானால் இது ஒன்றும் செய்வதில்லையா?" என்று கேட்டான்.

"செய்கிறது. என்னை இங்கே வரவைக்கிறது."

"இல்லை மேம், இதற்கு ஏதாவது பயிற்சி... கதவு திறப்பது, அந்த மாதிரி?"

"கதவை நான் திறப்பேன்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டான், சுகாதார விதி என்றான், உணவுப் பொருள் என்றான். இனி உதவி நாய்க்கு மட்டும்தான் அனுமதி. ஏழு மாதம் ஒன்றும் கேட்காமல் திறந்த கதவை என் கையாலேயே, முத்திரை வைத்து, மூன்று நகலோடு மூடிக்கொண்டேன். "அதைக் காரில் விட்டுவிட்டு வாருங்கள்" என்றான், பெரிய யோசனைபோல.

இந்த நாட்டுக்கு என்னை எப்படிச் சேர்த்தார்கள் தெரியுமா? டிபென்டென்ட் என்று. புருஷனைச் சார்ந்திருப்பவள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் வேலைக்குப் போகக்கூடாது, அதனால்தான் இந்தச் செவ்வாய்க்கிழமைகள். ஒரு மனிதனைச் சார்ந்து நின்றால் விசா தருவார்கள். ஒரு நாயைச் சார்ந்து நின்றால் வெளியே போ என்பார்கள். எதன்மேல் சாய வேண்டும் என்பதையும் இவர்களே எழுதித் தருவார்களா?

காரில் வந்து உட்கார்ந்தேன். டெக்சாஸ் ஆகஸ்ட். கார் நிறுத்துமிடத்தின் தார் இளகிக்கொண்டிருந்தது. சாவியைப் போட விரல் வரவில்லை. வந்துவிட்டது அது, உலக்கை, மரத்துப்போன உதடு. கதவுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மடியில் டஸ்டி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தாடை என் மணிக்கட்டில். அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பூப்போட்ட சட்டை போட்ட ஓர் அம்மாள், முகம் முழுக்கக் கவலை. என் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, உடம்பு உதறுகிறது. குனிந்து உள்ளே பார்த்து, "இஸ் யுவர் டாக் ஓகே?" என்று கேட்டாள். உங்கள் நாய்க்கு ஒன்றுமில்லையே?

நான் "எஸ்" என்றேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத 'எஸ்'ஸை அங்கே சொன்னேன். "தண்ணி குடுங்க பாவம், வெயில்ல நாய்கள் செத்துடும்" என்று அறிவுரை சொல்லிவிட்டு அவள் போனாள். நல்லவள். காருக்குள் ஒரு நாய் தனியாகத் துடித்திருந்தால் கண்ணாடியை உடைத்தாவது காப்பாற்றியிருப்பாள்.

வீட்டில் சொன்னேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆமான்னுட்டுப் போயிருக்கலாம்ல? உன்ற பேப்பரை யார் கேட்டா?" என் மகள் நித்யா, பதிமூன்று வயது, தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்லும் ஜென்மம், நாய்ப் பொருள்கள் விற்கும் கேட்டலாக்கை விரித்துக்காட்டினாள். சிவப்பு மேலங்கி, சர்வீஸ் டாக் என்று எழுதியது. "அம்மா, ஜஸ்ட் பை திஸ். நோபடி வில் ஆஸ்க்." வசந்தாகூட அக்கறையாய்ப் போன் பண்ணி, "காதுல ஒரு மெஷின் மாட்டிட்டுப் போங்க்கா, காது கேக்காதுன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். பொய்க்கு எத்தனை உதவி! நிஜத்தைச் சொன்னபோது ஹாலே சிரித்தது.

வாங்கிவிட இருந்தேன். கேட்டலாக்கின் ஆர்டர் படிவத்தில் டஸ்டியின் நெஞ்சளவைக்கூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப்போட்டேன். மேலங்கி போட்டுப் போனால் கடைக்குள் போவது யார்? நடிக்கத் தெரிந்தவள் போவாள். பயந்தவள் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் போக வேண்டியது அந்தப் பயந்தவளோடு.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்குப் போனேன். மேலங்கி இல்லை, ஃபைல் இல்லை. டஸ்டியை வண்டியில் ஏற்றவில்லை, பக்கத்தில் நடத்தினேன். கண்ணாடிக் கதவு தானே விலகியது. வாசற்படி மாதிரி ஓர் இரும்புப் பட்டை அங்கே தரையில் ஓடும். அதன்மேல் நின்றுவிட்டேன். மேனேஜர் ஓடிவந்தான்.

"மேம், இதைப் பற்றி நாம் பேசினோமே."

"நீ பேசினாய்" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. பிறகு இறங்கி வந்தான், நல்ல பையன்தான். என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், நானே காருக்குக் கொண்டுவந்து தருகிறேன், பாலா, ரொட்டியா என்றான்.

"ஐ டோன்ட் வாண்ட் மில்க்."

"தென் வாட் டூ யூ வாண்ட்?"

"ஐ வாண்ட் டு பை மில்க்."

பைத்தியமோ என்று பார்த்தான். எனக்கு அதைவிடத் தெளிவாக எந்த மொழியிலும் சொல்லத் தெரியவில்லை. பால் வேண்டாம். பால் வாங்கப் போவதுதான் வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு, தேதி பார்த்து, பின்னால் இருக்கும் கேலனை எடுத்து, வரிசையில் நின்று, மீதி வாங்கி, ஒரு பெண்பிள்ளை தன் செவ்வாய்க்கிழமையைத் தானே செய்துகொள்வதுதான் வேண்டும்.

நெஞ்சு அடித்தது. பயமா கோபமா என்று அதற்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து வந்த ஏசி என் முகத்தில் மார்கழியாக வீசியது. முதுகில் சித்திரை கொளுத்தியது. கதவு மூட வந்தது, எங்களை உணர்ந்து திரும்பிப் போனது, மறுபடி வந்தது. டஸ்டி அந்த இரும்புப் பட்டையின்மேல் குறுக்காகப் படுத்தது, தலை கடைக்குள், வால் வெயிலில்.

"இன் ஆர் அவுட், மேம்?" என்று கெஞ்சினான் அவன். "குளிரெல்லாம் வெளியே போகிறது."

"போகட்டும்" என்றேன், தமிழில். அவனுக்குப் புரிந்திருக்காது. கதவு மூன்றாம் முறை மூட வந்தது. நான் நகரவில்லை.