சங்கிலியில் இரண்டு தட்டல்

பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது ஏசுராஜ் போனில் அழைத்தார். பழவேற்காட்டில் படகு ரிப்பேர் செய்பவர். "டீச்சர், பிலோமி அக்கா பூட்டாங்க" என்றார். கூடவே, "குழி நாந்தான் தோண்டப்போறேன். வந்துடுங்க" என்றார்.

காட்டூர் பிலோமினா அக்காவை உங்களில் பலர் அவருடைய சின்ன டிராக்டரோடு சேர்த்தே பார்த்திருப்பீர்கள். நெல் வயலுக்கென்று வாங்கிய வண்டி. கணவர் இறந்த பின், போர்வெல் பைப்பையும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் பழைய லாரி வின்ச்சையும் கொண்டு, படகு தூக்கும் கை ஒன்றை அவரே பற்றவைத்து அதன் பின்னால் பொருத்தினார். முதல் கை வளைந்தது. இரண்டாவது, படகுக்குப் பதில் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தூக்கியது. முன்னால் மணல் மூட்டைகளைக் கட்டினார். "நெல்லு மூட்டை கட்னா தூக்கினு பூடுவானுங்க. மணல எவன் எடுப்பான்" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தூக்கிய படகின் கீழே இருக்கும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பெயரைக் கேட்டால் மனிதன் சட்டென்று நிமிர்வான், மண்டை இடிக்கும். அதனால் படகைத் தாங்கும் சங்கிலியில் ஸ்பேனரால் இரண்டு தட்டு. கேட்டவர் பேசாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். ஏரிக்கரையில் குப்புறக் கிடந்து துவைக்கும் கல்லாகிவிட்ட டச்சுக் கல்லறைப் பலகை ஒன்றைப் புரட்டிப் பார்க்க அவரை அழைத்தேன். கொக்கியை மாட்டியதும் சங்கிலியில் இரண்டு தட்டினார்.

"கீழதான் யாரும் இல்லையே, அக்கா."

"உனக்கு எப்டிம்மா தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கல் புரண்டது. உப்புச் சேறு எழுத்தையெல்லாம் தின்றிருந்தது. செதுக்கிய எலும்புக்கூடு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், டச்சுக் கல்லறைச் சுவரை ஒட்டிய மணலில் ஏசுராஜின் படகு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அடியில் படுத்து ஃபைபர் ஒட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் தள்ளி உட்கார்ந்து டீ குடித்தோம். ஸ்பேனர் அக்காவின் மடியில் இருந்தது. சங்கிலி இரண்டு முறை ஒலித்தது.

ஏசுராஜ் தவழ்ந்து வெளியே வந்தார். "இன்னாக்கா, எனக்கு டீ இல்லியா?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் முட்டுக்கட்டைகள் தெறிக்கப் படகு மணலில் விழுந்தது.

நான் போய்ப் பார்த்தேன். வின்ச்சின் இரும்புக் கயிறு அறுந்திருந்தது. இரண்டு புரிகள் முதலில் அறுந்த ஓசைதான் சங்கிலியில் கேட்டிருக்கிறது என்றேன். கீழே கிடந்த கம்பித் துண்டை எடுத்துக் காட்டினேன்.

"சரிம்மா. அது போதும்னா நீயே வெச்சிக்கோ" என்றார் அக்கா. அந்த வாரமே கயிற்றை மாற்றினார்.

கணவரின் குழியிலேயே தன்னையும் வைக்கச் சொல்லியிருந்தார் அக்கா. அடக்கத்தன்று அந்தக் குழியின் மேல்கல்லை அக்கா செய்த கைதான் தூக்கியது. மகள் ஸ்டெல்லா கல்லை ஓரமாகக் கிடத்தி, கொக்கியைக் கழற்றிவிட்டு எஞ்சினை நிறுத்தினாள். ஏசுராஜ் உள்ளே இறங்கி ஈர மணலை வாரிக்கொண்டிருந்தார். காற்று அசையவில்லை. சுமையில்லாமல் தொங்கிய சங்கிலி இரண்டு முறை ஒலித்தது.

ஏசுராஜ் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்தார். குழியின் ஒரு பக்கம் சரிந்து மண்வெட்டியை மூடியது.

"யாரு தட்னது?" என்றாள் ஸ்டெல்லா. ஸ்பேனரைக் காலையிலேயே சவப்பெட்டிக்குள், அம்மாவின் கையோரம் வைத்தவள் அவள்தான்.

நான் இரும்புக் கயிற்றைக் கொக்கிவரை விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

மறுபடி தோண்டி, அக்காவை வைத்தோம். கல்லை இறக்கும் முன் ஸ்டெல்லா ஒரு செங்கல் துண்டால் சங்கிலியில் இரண்டு தட்டினாள். கீழே யாரும் இல்லையே என்று நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் காத்திருந்தோம்.

அக்கா வைத்துக்கொள்ளச் சொன்ன கம்பித் துண்டு என் மேசையில் இருக்கிறது. அந்த மத்தியானத்துக்கு அது இன்றும் போதும். அடக்கம் செய்த நாளுக்கென்று அதன் பக்கத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.