வெட்டி ஒட்டிய என் குரல்

என் தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. படமே இல்லாமல் சத்தத்தை மட்டும் கேட்டு விளையாடும் கணினி விளையாட்டுகள் உண்டு. அவனும் அவன் கூட்டாளிகளும் பொழுதுக்கும் அதிலேதான் கிடப்பார்கள். விளையாடி அலுத்துப்போய்க் கடைசியில் அவனே ஒன்று செய்தான். எங்கள் காரைக்குடியில் உள்ளதுபோல் ஒரு பெரிய வீடு. அதன் பின்கட்டில் மாட்டிக்கொண்டவன் கதவு கதவாகத் தடவி முகப்புக்கு வந்துசேர வேண்டும். வழி சொல்லும் குரல் என்னுடையது.

"துண்டு துண்டாப் பேசுக்கா. விளையாடுறவன் எங்க நிக்கிறானோ அதுக்குத் தக்கன கம்ப்யூட்டரே சேத்துக்கிரும்" என்றான். பேசினேன். தம்பி. இங்குட்டு வா. கதவைச் சாத்து. பக்கத்துல. மெதுவா. மாடிப்படியில் என்னை ஏறி இறங்க விட்டு, மூச்சிரைப்பதைக்கூடப் பதிவு செய்துகொண்டான்.

ஒவ்வொரு துண்டுக்கும் அதில் இருக்கும் சொல்லையே பெயராக வைத்தான். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் பெயரைச் சொன்னாலே போதும், திறந்து கேட்காமலே அவனுக்கு விளங்கிவிடும். அத்தனையையும் ஒரே ஃபோல்டரில், பூட்டு ஒன்றும் போடாமல், விளையாட்டோடு சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பினான். அவர்கள் குழுவில் அதுதான் வழக்கமாம். ஒருவன் விளையாட்டில் இருக்கும் சத்தத்தை இன்னொருவன் உருவித் தன்னுடையதில் போட்டுக்கொள்வான். நாய் குரைக்கிற இடத்தில் அரசியல்வாதி இருமலை வைத்துச் சிரிப்பார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இவனுக்கு அக்காள் குரலும் அந்த நெய்தான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தினமும் சாயங்காலம் வீட்டுப்பாடத்தைக் குரல் பதிவாகப் பெற்றோர் குழுவில் போடுவேன். ஆகவே அந்தக் குழுவில் ஒரு நாள் கை கைமாறி வந்து விழுந்த பதிவைக் கேட்டு, பேசுவது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "தம்பி, கதவைச் சாத்து. பக்கத்துல வா. மெதுவா." பிறகு மூச்சிரைப்பு. சீச்சீ! என் மூச்சை நானே காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

தலைமையாசிரியை என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "குரல் ஒங்களோடதுதானே?" என்றார்.

"குரல் என்னோடது. பேச்சு என்னோடது இல்ல மேடம். யாரோ வெட்டி ஒட்டியிருக்காக."

"அப்படின்னா ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்தது இருக்கும்ல? கொண்டாந்து காட்டுங்க. கரஸ்பாண்டன்ட் திங்கக்கிழமை வாராக. அவுக கேட்டு முடிவு சொல்ற வரைக்கும் வகுப்புக்குப் போகாதீக."

நியாயமான பேச்சுதான். மனசு கொஞ்சம் ஆறி வீட்டுக்கு வந்தேன். தம்பி என் செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"கவலைய விடுக்கா. எல்லாச் சத்தத்தையும் ஒரே கோப்பாக்கிப் பூட்டிட்டேன். இனி எந்தக் கொம்பனாலயும் உருவ முடியாது. ஒங்குரலே வேணாம்னு மெஷின் குரல் போட்டுட்டேன். அப்டேட் ஏறுனா பழைய ஃபோல்டரும் போயிரும். எல்லாருக்கும் ஏறிருச்சு."

"நம்மகிட்ட இருக்கிற பழசு?"

"அழிச்சிட்டேன். அதை வச்சிருந்தாத்தானே ஆபத்து?"

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாடா?" என்றேன். எதேச்சையாக வந்த பழமொழி இல்லை; அவனுக்கு வலிக்க வேண்டும் என்றேதான் சொன்னேன். வலித்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை.

அவனுடைய விளையாட்டுக் குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தான். யாரிடமும் இல்லை. புதிதாகப் பேசிக் காட்டினால் எவர் நம்புவார்? பழைய துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரே ஆள், அந்தப் பதிவை வெட்டி ஒட்டி முதலில் அவர்கள் குழுவில் போட்டுச் சிரித்தவன். ஒக்கூர்ப் பக்கம் வீடு. அவனுக்கும் பார்வை கிடையாது. அவன் நம்பரைத் தம்பிதான் போட்டுக் கொடுத்தான்.

நான் ஹலோ என்றதுமே அவன், "டீச்சரா! சொல்லுங்க, நல்லா இருக்கீகளா?" என்றான். என்ன ஒரு மரியாதை!

"தம்பி, அந்தத் துண்டெல்லாம் ஒங்கிட்ட இருக்கா? எனக்கு வேலை போயிரும்ப்பா. அனுப்பி விட்டீன்னா புண்ணியமாப் போகும்." என் குரலை எனக்குத் தா என்று நான் பிச்சை கேட்டேன்.

"இருக்கு டீச்சர், அத்தனையும் இருக்கு. ஒரே ஒரு தடவ அந்த 'பக்கத்துல வா'வ நேர்லயே சொல்லுங்களேன். ஒட்டுனதுல அவ்வளவு சுகமில்ல. சொன்னீகன்னா இப்பவே அனுப்பிர்றேன்."

அதற்குப் பிறகு எனக்குக் கண்மண் தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் ஆத்தாளை இழுத்தேன். "குருட்டுப் பயலே, ஒனக்குக் கண்ண அவிச்சு அனுப்புன சாமி நாக்கையும் அறுத்து அனுப்பியிருக்கக் கூடாதா? ஒங்கள மாதிரிப் பயலுகளப் பெத்தவுடனே கழுத்த நெரிச்சிருக்கணும்டா!" பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். அது தெரிந்தும் நிறுத்தவில்லை.

நான் பேசி ஓயட்டும் என்று அவன் விட்டுவைத்தான். பிறகு, "முடிஞ்சுதா டீச்சர்? ரெக்கார்டுல நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. இதை நான் வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம்" என்று வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை கரஸ்பாண்டன்ட் அறையில் நான் போய் நின்றபோது அவர் என் ஏச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இதுவாவது யாரும் வெட்டி ஒட்டியது இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.