சாவிக்காரர் இணையதளத்துக்குத் தயாரானார்

எங்கள் தெருவில் சாவிக்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பெயர் என்னவென்று கேட்டால் மட்டும் எல்லாரும் விழிப்பார்கள். கடைக்கும் பெயர் கிடையாது. தகரத்தில் வெட்டிய ஆளுயரச் சாவி ஒன்று வாசலில் தொங்கும். மழை பெய்தால் அதிலிருந்து துருத் தண்ணீர் சொட்டும், அதுவும் குறி பார்த்து என் ஜெராக்ஸ் கடைப் படியில். கேட்டால், "அடுத்த வாரம் பெயிண்ட் அடிச்சிடலாம் தம்பி" என்பார். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வந்தபாடில்லை.

ஆள் நல்ல ஆள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வாய்ப்புக் கிடைக்காது.

கடைக்குள் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், இரும்புத் தூள். பின்சுவரில் பச்சைப் பலகை ஒன்று. அதுதான் அவருடைய பெருமை. தெருவில் முக்கால்வாசி வீடுகளின் மாற்றுச் சாவி அதில் கொக்கி கொக்கியாகத் தொங்கும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டவர்கள் எல்லாரும் இங்கேதான் ஓடி வருவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து இடது கையால் எடுத்துக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். "என்னை நம்பிக் குடுத்திருக்காங்கப்பா" என்று நாளுக்கு நாலு தடவை சொல்லுவார். சொல்லும்போது அரசாங்கக் கஜானாவையே அவர் பொறுப்பில் விட்டுவிட்டது போல முகத்தில் ஒரு களை வரும்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாடி வீட்டு நர்ஸம்மா வேலைக்குப் போன சமயம் பார்த்து அவருடைய வயதான அப்பா உள்ளே பூட்டைத் திறக்கத் தெரியாமல் திண்டாடியபோதெல்லாம், இந்தப் பலகைச் சாவிதான் அவரை வெளியே கொண்டுவந்தது.

இப்படி நிம்மதியாக இருந்த மனிதருக்கு தெரு முனையில் கண்ணாடி பதித்த இன்னொரு சாவிக் கடை வந்து சேர்ந்தது. ஏசி, சீருடை, சுழல் நாற்காலி, போதாததற்கு ஓர் இணையதளம். அங்கே சாவி வெட்ட முன்பதிவு செய்ய வேண்டுமாம். ஒரு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து இவருக்குத் தூக்கம் போனது. "நாளைக்கு எல்லாரும் அங்க போயிட்டா, பலகையில யாரு சாவி மாட்டுவா?" என்று என்னிடம் புலம்பினார். கடைசியில் தானும் இணையதளம் போடுவதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

செய்து தருவதற்கு ஆள் சொந்தத்திலேயே இருந்தது. மனைவியின் அக்கா மகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் இதே வேலை பார்ப்பவள். "சித்தப்பா, கடைப் பேரு, உங்களைப் பத்தி அஞ்சு வரி, நாலு போட்டோ. இவ்வளவுதான் வேணும். ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்றாள். பாவம், சித்தப்பாவை அவள் அதுவரை விசேஷ வீடுகளில்தான் பார்த்திருக்கிறாள்.

பெயருக்கே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் அவருக்கு ஒரு வாசகம் உதித்துவிட்டது. "உங்கள் வீடு, எங்கள் கையில்." ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்கிற மாதிரி அதை வாசித்துக் காட்டினார்.

"சித்தப்பா, திருடன் எழுதின மாதிரி இருக்கு."

"நம்பிக்கைய சொல்றேம்மா!"

"சரி, அந்த அஞ்சு வரி?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். "எந்தப் பூட்டையும் நொடியில் திறப்போம். சத்தமே வராது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது."

"நானே எழுதிக்கறேன் சித்தப்பா. நீங்க போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. பாத்தா நம்பிக்கை வரணும்" என்றாள்.

இந்த இடத்தில் அவருடைய புதுத் திறமையையும் சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக அவர் ஃபோட்டோவைப் பார்த்தே சாவி வெட்டிக்கொண்டிருந்தார். வெளியூரில் மாட்டிக்கொண்ட ஒருவர் சாவியைப் படம் எடுத்து அனுப்ப, இவர் அதைப் பெரிதாக்கிப் பல்லை எண்ணி வெட்டினார். கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "சாவி எதுக்கு? போட்டோ போதும் எனக்கு!" என்று சொல்லிச் சொல்லித் தெருவுக்கே காது புளித்துப்போயிருந்தது.

சரி, நம்பிக்கை வருகிற மாதிரி படம் வேண்டும். அவர் கடையில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? பலகையில்தானே.

ஒவ்வொரு சாவியையும் எண்ணெய் போட்டுத் துடைத்தார். பல் தெரிகிற மாதிரி ஒரே பக்கமாகத் திருப்பி மாட்டினார். சாவிகளோடு கட்டியிருந்த சீட்டுகள் மங்கிப் போயிருந்தன, அவற்றையும் புதிதாகக் கொட்டை எழுத்தில் எழுதினார். மஞ்சள் வீடு, கீழ்த்தளம். மருந்துக் கடைக்காரர், பின்வாசல். நர்ஸம்மா, பகலில் தூங்குவார், மெதுவாகத் திறக்கவும். மூலை வீடு, குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிறுதான் வருவார்கள்.

கடன் வாங்கிய லைட்டை வைத்துப் படம் எடுத்தார். அருமையான படம், ஒவ்வொரு பல்லும் பளபளத்தது. அக்கா மகளுக்கு அனுப்பிய கையோடு ஆசை தாங்காமல் தன் ஸ்டேட்டஸிலும் போட்டார். மேலே, "விரைவில் இணையத்தில்! உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்."

அந்தப் பெண் அலறிக்கொண்டு ஃபோன் செய்தபோது அவர் மெஷினில் இருந்தார், மணி காதில் விழவில்லை. அவர் மனைவிக்குச் செய்தாள். அண்ணி வீட்டிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து ஃபோனைப் பிடுங்கி அழித்தார். "உங்க மண்டையில என்ன இருக்கு? ஊரு வீட்டையெல்லாம் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கீங்களே!"

அதற்குள் மருந்துக் கடைக்காரர் படத்தில் தன் பின்வாசல் சாவியைப் பார்த்துவிட்டு, அந்தப் படத்தையே நாலு பேருக்கு அனுப்பி எச்சரித்திருந்தார். அந்த நாலு பேரும் நல்லவர்கள், ஆளுக்கு நாற்பது பேரை எச்சரித்தார்கள்.

எவன் வீட்டிலும் எதுவும் போகவில்லை. ஆனால் தெரு முழுக்கப் பூட்டு மாற்றக் கிளம்பிவிட்டது. எங்கே மாற்றுவது? கண்ணாடிக் கடையில் முன்பதிவு நிரம்பிவிட்டது. ஆகவே எல்லாரும் இவரிடமே வந்து வரிசையில் நின்று, இவரைத் திட்டிக்கொண்டே, இவர் கையாலேயே புதுப் பூட்டு போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் மெஷின் ஓயவில்லை. தொடங்காத இணையதளத்தால் இவ்வளவு வியாபாரம் பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். "அண்ணே, தளம் வர்றதுக்கு முன்னாடியே இந்தப் போடு போடுதே" என்றேன். வழக்கமாகச் சிரிப்பவர், சிரிக்கவில்லை.

பூட்டு மாற்றியவர்கள் பழைய சாவியைப் பலகையிலிருந்து கழற்றிக் குப்பையில் போடச் சொன்னார்கள். புதுச் சாவிகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கண் ஒரு நொடி பலகைக்குப் போய்த் திரும்பும். வாயைத் திறந்து யாரிடமும் கேட்கவில்லை. வார முடிவில் பச்சைப் பலகையில் வெறும் கொக்கிகள் இருந்தன.

கடைசியாக நர்ஸம்மா வந்தார். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. வாங்கிக்கொண்டு அங்கே கொஞ்சம் தயங்கி நின்றார், சாவிக்காரரும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். நர்ஸம்மா நேராக என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, இதை உங்க கடையில வச்சுக்கறீங்களா? அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." என்று ஒரு சாவியை நீட்டினார். "நீங்கதான் வெப்சைட் எல்லாம் போடறதில்லையே."

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்த நேரம் பார்த்து மெஷினும் ஓடவில்லை.

சாவியை வாங்கி டிராயரில், ரப்பர்களுக்கு நடுவே போட்டேன். இரண்டு நாளில் மஞ்சள் வீட்டுச் சாவி வந்தது, அப்புறம் மூலை வீட்டுச் சாவி. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, பக்கத்துக் கடையை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை அவர் பச்சைப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் கடைக்குள் வந்தார். நேராக என் சுவரில் ஆணி அடித்தார். பலகையை மாட்டி, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"ரப்பரோட போட்டு வச்சிருக்கியே, அவசரத்துக்குத் தேடிட்டா இருப்ப? அந்தப் பெரியவர் உள்ள என்ன பண்ணுவாரு?"

கேலிக்கு எனக்குப் பஞ்சமே கிடையாது. அன்றைக்கு டிராயரைத் திறந்து சாவிகளைப் பொறுக்கி எடுத்தேன், அவ்வளவுதான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து முதல் கொக்கியில் மாட்டினார்.

"இது யாரு வீட்டுதுண்ணே?"

"என் வீட்டுது. உங்க அண்ணி அடிக்கடி உள்ள வச்சுப் பூட்டிடுவா."

சீட்டு எழுதுவதற்குப் பேனாவை எடுத்தேன்.

"எழுதாத. உனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய் மெஷினைப் போட்டார்.