மாப்பிள்ளை சொன்ன பெட்ரோல்

எங்கள் காருக்கு பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்தவர், அந்தக் காரை அதுவரை ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருந்தார். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும், திராட்சை வாங்க.

அவர் என் கணவருடைய தங்கை வீட்டுக்காரர். சொந்த ஊர் வடுகபட்டி, இருப்பு பெங்களூர், கம்ப்யூட்டர் வேலை. எனக்கு அண்ணன் முறை. என் கணவருக்கு மாப்பிள்ளை. அந்த ஒரு தகுதி போதும், எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சாம்பாரில் உப்பு குறைச்சல் என்றால் அடுப்படிக்கு ஓடுவோம். தொலைக்காட்சியில் நிறம் சரியில்லை என்றால் என் கணவர் ரிமோட்டோடு எழுந்து நிற்பார். அப்படிப்பட்டவர் காரைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும்?

திருவிழாவுக்கு வந்திருந்தார். திராட்சைப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துவிட்டு வீட்டு வாசலில் இறங்கியவர், வண்டியின் முன்மூடியில் ஒரு தட்டு தட்டினார். மாடு வாங்கப் போனவர் மாட்டின் முதுகில் தட்டுவது போல.

"மச்சான், இன்ஜின் நாக் அடிக்குது. ஏத்தத்துல கேட்டீகளா? டக டக டகன்னு. சாதா பெட்ரோலா போடுறீக?"

"ஆமா மாப்ள."

"தொண்ணூத்தொண்ணு ஆக்டேன் போட்டா இன்ஜின் இப்படித்தான் சாகும். இனிமே தொண்ணூத்தஞ்சுதான். நான் என் வண்டிக்கு அதுதான் போடுறேன்."

அவர் வண்டி பெரிய வண்டி, டர்போ இன்ஜின். எங்களுடையது எட்டு வருஷம் ஓடிய சின்ன வெள்ளை வண்டி, போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் வாங்கியது. இரண்டுக்கும் நாலு சக்கரம் என்பதைத் தவிர வேறு உறவு இல்லை. என் கணவர் அதை யோசிக்கவில்லை. மறுநாளே போய் டேங்க் நிறைய பிரீமியம் போட்டுக்கொண்டு வந்தார்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் தேனிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். எரிபொருள்கள் என்று ஒரு பாடம். அதில் ஆக்டேன் எண். வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்: ஐசோ ஆக்டேன் என்றால் நூறு, நார்மல் ஹெப்டேன் என்றால் சுழியம். இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது தீப்பொறிக்கு முறையாகக் காத்திராமல் தானாக வெடித்துவிடாதபடி பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவுதான் இந்த எண். சக்திக்கான அளவு இல்லை. "எண் கூடினா வண்டி வேகமாப் போகும்னு எழுதுனா மார்க் கிடையாது" என்று ஒவ்வொரு வகுப்பிலும் மேஜையைத் தட்டிச் சொல்வேன். எழுதியவர்களுக்கு உண்மையாகவே மார்க் போட்டதில்லை.

அந்த நான்தான் ஆறு மாதம் பிரீமியம் ஊற்றினேன்.

மாப்பிள்ளைக்குப் பயந்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முழு உண்மை அதுவல்ல. பெட்ரோல் பங்கில் போய் நின்று "பிரீமியம் போடுங்க" என்று சொல்லும்போது, பக்கத்தில் பைக்குக்குக் காத்திருக்கிறவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். நம் வண்டியைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. கம்பம் தேனி சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் நாற்பதில் ஊர்ந்துகொண்டு, பந்தயத்துக்குப் போகிற வண்டிக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பாடம் நடத்துகிறவளுக்கு வந்த கேடு.

பெட்ரோல் மாறியும் சத்தம் போகவில்லை. என் கணவர் ஓட்டும்போது, கூடலூர் தாண்டி மேடு வந்தால் டக டக டக. அவர் உடனே ரேடியோவைக் கூட்டுவார்.

"இன்னும் கேக்குதே" என்று நான் சொன்னேன்.

"பழைய பெட்ரோல் உள்ள கெடக்கும். போகப் போகச் சரியாகும்னு மாப்ள சொன்னாக."

போகப் போக ஒன்றும் சரியாகவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. அதே மேட்டில் நான் ஓட்டினால் சத்தம் வருவதில்லை. முதலில் காது ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் லோயர் கேம்ப் வரை போனோம். போகும்போது அவர் ஓட்டினார். சத்தம் வந்தது. மேட்டடிக்குத் திரும்பி வந்து அதே மேட்டில் நான் ஏற்றினேன். வண்டி வாயைத் திறக்கவில்லை.

"பாத்தீகளா?" என்றேன்.

"இன்ஜின் சூடாயிருச்சு, அதான்" என்றார்.

அடுத்த வாரம் பைபாஸ் பக்கம் இருக்கும் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக் நடுவயதுக்காரர், நல்ல தொழில்காரர். ஒரே ஒரு குறை, பெண்கள் பேசுவது அவர் காதில் விழாது. கார் என் பெயரில் இருக்கிறது, தினமும் ஓட்டுவது நான், சத்தத்தை விவரித்ததும் நான். அவர் பதில் சொன்னதெல்லாம் என் கணவருக்கு.

வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். "ஒண்ணும் இல்லையேண்ணே. நல்லாத்தான இருக்கு?"

"மேட்டுல அடிக்குதுப்பா."

"யாரு ஓட்டும்போது?"

என் கணவர் வண்டியின் டயரைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். "இவுக ஓட்டும்போது."

மெக்கானிக்குக் காது அப்போதுதான் கேட்டது. சிரித்துவிட்டார். "அண்ணே, நாலாவது கியர்லயே மேடு ஏத்துறீக போல. இன்ஜின் மூச்சு முட்டுது. ரெண்டுக்கு வாங்க, சத்தம் நின்னுரும்."

"மாப்ள பிரீமியம் போடச் சொன்னாகளே?"

"போட்டாப் போடுங்கண்ணே. வண்டி வேண்டாங்கவா போகுது?" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார் அவர். தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாமல், எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் மரியாதையையும் கெடுக்காமல் ஒரு பதில். அரசியலுக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் டேஷ்போர்டைத் திறந்து வண்டியோடு வந்த புத்தகத்தைத் தேடினேன். விபூதிப் பொட்டலம், பழைய டோல் ரசீது, ஏலக்காய் வியாபாரி விட்டுப்போன ஒரு சீப்பு, இவற்றுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. எட்டு வருஷத்தில், இரண்டு உரிமையாளர்களில், ஒருவரும் அதைத் திறக்கவில்லை. நானும்தான். எரிபொருள் என்ற தலைப்பில் ஒரே வரி: ஈயமில்லாத பெட்ரோல், ஆக்டேன் எண் தொண்ணூற்றொன்று அல்லது அதற்கு மேல். சாதா பெட்ரோலே அதுதான். அதற்கு மேலே போனால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. இந்த இன்ஜினுக்கு அவ்வளவு தாங்கும் சக்தி தேவையே இல்லை. டர்போ வண்டிக்குத் தேவை, அவர் வண்டிக்குத் தேவை. அவர் தன் வண்டிக்கான மருந்தை எங்கள் வண்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவாக" என்றார்.

"வண்டியைச் செஞ்சவுக எழுதுனதுங்க."

"மாப்ள அனுபவத்துல சொல்றாக."

வண்டி செய்தவர்களுக்கு இல்லாத அனுபவம் அது. அதற்கு மேல் பேசினால் பேச்சு பெட்ரோலிலிருந்து என் பிறந்த வீட்டுக்குப் போய்விடும் என்று தெரியும். விட்டுவிட்டேன்.

அடுத்த லீவுக்கு நாத்தனாரும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தேக்கடி போகலாம் என்று திட்டம். அவர்கள் பஸ்ஸில் வந்திருந்ததால் எங்கள் வண்டியில்தான் போக வேண்டும், மாப்பிள்ளைதான் ஓட்டுவார். காலையில் ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் போட நான் போனேன்.

"பிரீமியம் லோடு வரலை மேடம். சாதா போடட்டுமா?" என்று பங்கில் கேட்டார்கள்.

"போடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நினைத்தேன். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மாப்பிள்ளை சாவிக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். வேண்டுமென்றேதான் திறக்கவில்லை.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எங்களுக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, கேரளத்துக்குப் போகிறது. எதிரே கீழே இறங்கும் ஜீப்புகள் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்ததால் முந்தவே முடியவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை. திட்டிக்கொண்டே, ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டிப் பழகிய இடது கையால் கியரை இரண்டுக்குத் தள்ளினார். வளைவில் ஒன்றுக்கும் தள்ளினார். உச்சி வரை வைக்கோல் லாரிக்குப் பின்னால், இரண்டிலும் ஒன்றிலும்.

வண்டி முனகக்கூட இல்லை.

"கேட்டீகளா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. "சத்தம் இருக்கா? அன்னைக்கு எப்படி அடிச்சுச்சு! இதுதான் தொண்ணூத்தஞ்சோட வேலை. புல்லிங்கே வேற."

"ஆமா மாப்ள, வெண்ணெய் மாதிரி போகுது."

"நான் சொன்னப்ப நம்பிக்கை இல்லாமத்தான இருந்தீக?"

"அப்படியெல்லாம் இல்ல மாப்ள."

பின்சீட்டில் உட்கார்ந்து நான் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது.

குமுளியில் டீ குடிக்க இறங்கினோம். மாப்பிள்ளை டீக்கடைக்காரரிடம் ரெண்டு வார்த்தை மலையாளத்தில் பேசிவிட்டு, மறுபடியும் ஆக்டேனுக்கு வந்தார். சுத்தமாக எரியும், வால்வு கெடாது, வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, இன்னைக்கு டேங்க்ல இருக்கிறது சாதா பெட்ரோல்" என்றேன். "காலையில பங்குல பிரீமியம் இல்லைன்னுட்டாக. ரிசர்வ்ல இருந்த வண்டிக்கு முழுக்கச் சாதாதான் போட்டேன்."

டீ டம்ளர்கள் அப்படியே நின்றன. முதலில் சிரித்தது நாத்தனார்.

"மதினி! அப்ப இவ்வளவு நேரம் இவரு பேசுனது?"

"சாதா பெட்ரோலைப் பத்தித்தான்."

அவள் டீயைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். பத்து வருஷமாக அந்த வாய்ப்புக்குக் காத்திருந்தவள் போலச் சிரித்தாள். என் கணவர் எதிர்க்கடையில் தொங்கும் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணுவது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பதறவில்லை. அதுதான் அவரிடம் உள்ள திறமை. டீயை ஒரு வாய் குடித்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, ஆறு மாசம் பிரீமியம் குடிச்ச இன்ஜின். உள்ள எல்லாம் சுத்தமாகிருச்சு. ஒரு நாள் சாதா போட்டதும் கெட்டுப் போயிருமா? நான் சொன்னதுதான் இப்பவும் வேலை செய்யுது."

"அதான" என்றார் என் கணவர். உயிர் திரும்பி வந்தது அவர் முகத்தில்.

"அண்ணே, நீங்க ரெண்டாவது கியர்ல வந்ததாலதான்..."

"கியருக்கும் பெட்ரோலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

வருஷக்கணக்காக இதைத்தான் பாடமாக நடத்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு இந்தத் தோல்வி பழக்கம் போல. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது மாப்பிள்ளைக்கு வளைவுகளில் தலை சுற்றியதால் சாவி என்னிடம் வந்தது. மலையில் வண்டியை இரண்டாவது கியரில் இறக்கினேன். "மூணுல விடலாமே" என்று பின்சீட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே ஒரு யோசனை வந்தது. அடுத்த வளைவையும் இரண்டிலேயே இறக்கினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு சட்டம். நான் பங்குக்குப் போனால் சாதா. என் கணவர் போனால் பிரீமியம். டேங்கில் இரண்டும் கலந்து கிடக்கிறது. வண்டி நன்றாக ஓடும் நாளெல்லாம் அவர் பங்கு, மக்கர் செய்யும் நாளெல்லாம் என் பங்கு என்று அவரே பிரித்தும் வைத்திருக்கிறார்.

போன மாதம் கூடலூர் மேட்டில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மேடு தொடங்கும் இடத்தில், ரேடியோவைத் தொடாமல், என் பக்கம் திரும்பாமல், கியரை நாலிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவந்தார். சத்தம் வரவில்லை.

பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. விடவில்லை.

"கியர் மாத்துனீக போல?" என்றேன்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.