தண்ணீர் வந்ததும் போகலாம்

சுவாமிநாதன் வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தது. நன்றாக ஓடக்கூடிய மெஷின், பக்கத்திலேயே டிரையர். இருந்தும் சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணியைப் பைகளில் அடைத்து, காரில் போட்டுக்கொண்டு, மௌரி அவென்யூவில் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போவார். கண்ணாடிக் கதவுக்குள் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எண்பதுகளில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் தமிழர்கள் அதிகமில்லை. ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் பருப்புக்கும் புளிக்கும் அந்தத் தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். பார்த்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? "மெஷின் ரிப்பேர்" என்பார். எந்த மெஷினும் வருஷக்கணக்காக ரிப்பேரில் கிடக்காது என்று கேட்டவர்களுக்கும் தெரியும். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன், என்னவோ செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மெஷின் கராஜில் இருந்தது. கராஜ் அலமாரியில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், காமாக்ஷியின் அஸ்தி இருந்தது.

காமாக்ஷி போனது எண்பத்து மூன்றில். காலையில் தலை வலிக்கிறது என்றாள், மாத்திரை போட்டுக்கொண்டாள், குழந்தைக்குச் சாதம் கட்டி அனுப்பினாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சுவாமிநாதன் தோளில் கைவைத்து மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். அவரும் மெதுவாகத் தலையாட்டி, தேங்க்யூ என்றார். அந்தத் தேங்க்யூ எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்தில் வைதீகர் யாரும் கிடையாது. ஒரு நண்பர் மந்திரங்கள் பதிவான கேசட் வைத்திருந்தார். டேப் ரிக்கார்டரை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, அது சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காரியம் செய்தார்கள். மறுநாள் தகனம் நடந்த இடத்தில் அஸ்தியை ஒரு பழுப்புநிறப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். தெருக்கோடி ஷ்யாமளா ஆன்ட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"அஸ்தியை ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது சுவாமி. வெளியில மரத்துல கட்டித் தொங்கவிடணும்."

வாசலில் இருந்த எலுமிச்சைக் கன்று இடுப்புயரம்கூட இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கராஜ் வீட்டைச் சேர்ந்ததா, சேராததா? அதைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் பேசவில்லை. ஆகவே கராஜ். பத்து நாளில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், அவள் பிறந்த மாயவரத்தில் காவேரியில் கரைத்துவிடுவதாக ஏற்பாடு.

அந்தப் பத்து நாள் முடியவே இல்லை.

முதலில் கிரீன் கார்டு. பேப்பர் உள்ளே இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் வம்பு என்று வக்கீல் சொன்னார். நியாயமான காரணம். அது வந்த பிறகு ஆபீஸில் ஆள் குறைப்பு. அந்த நேரத்தில் லீவு கேட்பவன் முட்டாள். அதுவும் நியாயம்தான். அப்புறம் நியாயமான காரணங்கள் தீர்ந்துபோயின. அப்போதுதான் ஆறு கைகொடுத்தது. குழந்தை அபயாம்பாளுக்குக் கோடை விடுமுறை விடும்போது காவேரியில் வெறும் மணல்தான் இருக்கும். மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று யாருக்குமே நிச்சயமில்லாத வருஷங்கள் அவை. தண்ணீர் மாயவரம் வந்து சேரும்போது இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். டிசம்பரில் போகலாமே என்றால், டிசம்பரில் ஆபீஸில் வருஷக் கடைசி வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. சாத்தியது யார் என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

மாமனார் பாலசுப்ரமணியன் ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் போன் கிடையாது. பக்கத்து டாக்டர் வீட்டுக்கு வந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்.

"மாப்பிள்ளை, எப்ப வரேள்?"

"ஆத்துல தண்ணி வந்ததும் வந்துடறோம் மாமா."

"சரி. தண்ணி வந்ததும் சொல்றேன்."

சொல்லவும் செய்தார், ஒவ்வொரு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் இவர், "அபிக்கு ஸ்கூல் ஆரம்பிச்சுடுத்தே" என்றார்.

சுவாமிநாதனை வருத்தம் வாட்டியது என்று நான் எழுதினால் பொய். அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் நிஜம். காலையில் எழுந்தார், ஃப்ரீவேயில் ஊர்ந்தார், கம்ப்யூட்டர் சிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்தார், திரும்பினார், ரசம் வைத்தார். ரசத்தில் உப்பு இல்லாததைக் குழந்தை சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டார். காரை கராஜுக்குள் விடுவதை என்றைக்கு நிறுத்தினார் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. வாசலில் நிறுத்துவது சௌகரியமாக இருந்தது. பிறகு, துணியைக் கடைக்கு எடுத்துப்போவதும் சௌகரியமாகிவிட்டது.

ஆபீஸிலும் வேலை தேங்கியது. ரிப்போர்ட்டுகள் மேஜைமேல் குவிந்தன. மானேஜர் நல்லவர். திட்டாமல், நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்புக்கு அனுப்பிவைத்தார். ஒரு ஹோட்டல் ஹாலில் கனத்த குரல் உடைய ஒரு அம்மாள் பாடம் நடத்தினாள். எதைத் தொட வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறதோ, அந்த வேலையைக் காலையில் காபிக்கு முன்னால் எடு என்றாள். சின்னச் சின்ன வேலைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே என்றாள். எல்லோரும் அப்படி ஒரு வேலையை அட்டையில் எழுதச் சொன்னாள். சுவாமிநாதன் பேனாவை எடுத்தார். பழுப்புநிறப் பெட்டி கண்முன் வந்தது. ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, பாக்கி ரிப்போர்ட்டுகள் என்று எழுதினார்.

அதைச் செய்தும் முடித்தார். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் மற்றொன்று. ஆள் மாறித்தான் போனார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார், வருமான வரியை முதல் ஆளாகக் கட்டினார், அபியின் பல்லுக்குக் கம்பி போட டாக்டரிடம் நாள் வாங்கினார், வேலிக்குப் பெயின்ட் அடித்தார். ஆபீஸில் எதைக் கொடுத்தாலும் கெடுவுக்கு முன்பே முடித்துவிடுவார். பதவி உயர்வு வந்தது. எந்த வேலையையும் தள்ளிப்போடாத மனிதர் என்று பெயர் வாங்கினார். அந்த ஒன்றைத் தள்ளிப்போடத்தான் மற்ற அத்தனையையும் செய்தார் என்று பாவம், மானேஜருக்கு எப்படித் தெரியும்?

எண்பத்தேழு ஏப்ரலில் சான் ரமோனில் இருந்த இன்னொரு கிளைக்கு அவரை அனுப்பி, தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி வென்றார் என்று பேசச் சொன்னார்கள். பெரிய அலுவலக வளாகம், செயற்கை ஏரி, அதில் வாத்துகள். சுவாமிநாதன் டை கட்டிக்கொண்டு நன்றாகவே பேசினார். முடிவில் ஒரு இளம்பெண் கை தூக்கினாள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் ரொம்பக் காலம் தள்ளிப்போட்ட வேலை எது?

"லாண்டரி" என்றார் சுவாமிநாதன்.

ஹால் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். உண்மையைத்தான் சொன்னோம் என்று வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஃப்ரீவேயில் வரும்போது கை ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிறது என்ற உணர்வுகூட இல்லை.

அன்றைக்கு மத்தியானமே வீடு திரும்பிவிட்டார். கதவைத் திறந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கடகட சத்தம். அது என்ன சத்தம் என்றே முதலில் பிடிபடவில்லை. சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவு திறந்திருந்தது. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த பத்து வயது அபி ஒரு முக்காலிமேல் ஏறி நின்று உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"லாண்டரி. நாளைக்கு ஃபீல்ட் ட்ரிப். எல்லோ டி-ஷர்ட் வேணும். நீ சாட்டர்டே தானே பண்ணுவே."

"இங்க வரலாம்னு யார் சொன்னா?"

"ஐ ஆல்வேஸ் கம் ஹியர், அப்பா. மெஷினை எப்படிப் போடணும்னு ஷ்யாமளா ஆன்ட்டி காமிச்சுக் குடுத்தா."

சுவாமிநாதன் கதவருகிலேயே நின்று அலமாரியைப் பார்த்தார். எல்லா டப்பாக்கள்மேலும் தூசு படிந்திருந்தது. பெட்டிமேல் மட்டும் தூசே இல்லை.

"நான்தான் தொடைப்பேன்" என்றாள் அபி. "தட்ஸ் அம்மா, ரைட்? ஆன்ட்டி சொன்னா. நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"மறக்கலடி."

அப்படியானால் அம்மா ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாள் என்று அபி ஆங்கிலத்தில் கேட்டாள். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆத்துல தண்ணி இல்ல" என்றார் அவர்.

அபி "ஓகே" என்றாள். அந்த ஆற்றை அவள் பார்த்ததே கிடையாது. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுபடி மெஷினுக்குள் எட்டிப்பார்த்தாள். குழந்தை ஒரு மறுகேள்விகூடக் கேட்காமல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது சுவாமிநாதனை என்னவோ செய்தது.

சாயங்காலம் மாயவரத்து டாக்டர் வீட்டுக்கு போன் போட்டு, மாமனாரைக் கூட்டிவரச் சொன்னார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, மாமனார் கூப்பிட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. கூப்பிடாதவரை நல்லது என்று இவரும் இருந்துவிட்டார்.

"மாமா, நான் சுவாமிநாதன் பேசறேன்."

"மாப்பிள்ளையா? குழந்தை சௌக்கியமா?"

"சௌக்கியம். மாமா, இந்த வருஷம் கண்டிப்பா வந்துடறோம். தண்ணி வந்ததும்…"

வழக்கமான கத்தல் இல்லாமல் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கப்படாது. நான் முடிச்சுட்டேன்."

"எதை மாமா?"

"பங்குனி அமாவாசை அன்னிக்கு. அவளோட சின்ன வயசுப் பட்டுப் பாவாடை ஒண்ணு பெட்டியில கெடந்தது. அதை எடுத்துண்டுபோய் ஆத்துல விட்டுட்டு வந்துட்டேன். சாஸ்திரத்துல இதுக்கெல்லாம் எடமிருக்கான்னு தெரியல. நாகலக்ஷ்மிக்கு மனசு ஆறலை. பெத்தவ இல்லையா? எனக்கும் கண் போயிண்டே இருக்கு. எத்தனை நாள் காத்துண்டிருக்க முடியும், சொல்லுங்கோ."

சுவாமிநாதனுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். "பங்குனியில ஆத்துல தண்ணி ஏது?"

"பொட்டுத் தண்ணி இல்ல. மணல்ல ஊத்து தோண்டினோம். முழங்கை ஆழத்துல வந்துடுத்து. பாவாடையை அதுல அமுக்கி மணலைப் போட்டு மூடினேன். தலையில ரெண்டு சொம்பு விட்டுண்டேன். அது போறும்."

இவர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அதனால இனிமே ஒண்ணும் அவசரமில்ல மாப்பிள்ளை" என்றார் கிழவர். "உங்களுக்கு எப்ப சௌகரியப்படறதோ, அப்ப வாங்கோ."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு கிரீன் கார்டு, ஆள் குறைப்பு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். மனுஷர் எதையும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகும் சுவாமிநாதன் அதே இடத்தில் நின்றார். கண்பார்வை மங்கிய ஒரு மனுஷர் பங்குனி வெயிலில் குந்தி உட்கார்ந்து, மகளுக்காக வெறுங்கையால் மணலைத் தோண்டியிருக்கிறார். இவர் அந்த மாதம் வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை. வந்தது வெட்கம், காதெல்லாம் சுடும்படியான வெட்கம். நாலு வருஷத்தில் அவர் உடம்பு முதல்முதலாக உணர்ந்தது அதைத்தான்.

கராஜுக்குப் போனார். மெஷின் நின்றிருந்தது. மஞ்சள் சட்டையைப் பிழிந்து டிரையரில் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தார். அபி கதவருகில் வந்து நின்றாள்.

"தாத்தா என்ன சொன்னார்?"

"அவசரமில்லைன்னார்."

"ஸோ, நாம போகலையா?"

"போறோம். இந்த வாரமே. உங்க டீச்சர்கிட்ட நான் பேசறேன்."

"தண்ணி வந்துடுத்தா?"

"இல்ல" என்றார் சுவாமிநாதன். "தோண்டிக்கலாம்."