கடலூருக்குப் போகவேண்டியவள்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற உங்களிடம் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். முழுக்கச் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய சாட்சி அல்ல இது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்க மாட்டேன்.

என் பெயர் ரூத். மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். எழுபதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. என் வீட்டுக்காரர் மூட்டை தூக்க மெட்ராஸ் போயிருந்தார். நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மூத்தவள் லில்லிக்கு இரண்டு வயது.

புயலடித்து ஓய்ந்த மறுநாள் அவளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. விடிவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று எல்லாரும் சொன்னார்கள். கூட வர ஆளில்லை. தனியாகப் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் பஸ் நின்றது. ரோட்டுக்கு மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல வண்டி போவாதும்மா. அந்தப் பக்கம் வேற பஸ் நிக்குது. நடந்துதான் போவணும்" என்றார் கண்டக்டர்.

எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இந்த வயிற்றோடு, இந்தப் பிள்ளையோடு, அந்தத் தண்ணீரில் எப்படி இறங்குவேன்? லில்லியின் தலை என் தோளில் தொங்கியது. "ஆண்டவரே, என்னால முடியல. யாரையாச்சும் அனுப்பும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

முன் சீட்டில் இருந்த ஒருத்தி படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நெற்றி நிறையக் குங்குமம்.

"புள்ளய எங்கிட்ட குடு. நீ வவுத்தோட இருக்குற. கால் வழுக்குனா ரெண்டு உசுரு. என் முந்தானையக் கெட்டியாப் புடிச்சிக்க."

லில்லியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு தடவைகூட அவள் கால் தடுமாறவில்லை. கடலில் நின்று பழகிய கால்.

அடுத்த பஸ்ஸில் பெயர் கேட்டேன். கன்னியம்மாள். எக்கியார்குப்பத்து மீனவப் பெண்.

"நீ எங்கக்கா போற?"

"கடலூர் பக்கம். போய்க்கலாம்."

ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. என் மனமெல்லாம் பிள்ளை மேலேயே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது ஒரு கட்டிலில் கிடந்தேன். கொஞ்சம் தள்ளி, கன்னியம்மாள் மடியில் லில்லி. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி பிடுங்கிக்கொள்ளாமல் குழந்தையின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அப்படியே இருந்தாள். நர்ஸம்மா வரும்போதெல்லாம் கடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மறுநாள் தகவல் கேட்டு வெளியூரிலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினாள்.

லில்லி பிழைத்தாள். அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, "நான் கேட்டேன், ஆண்டவர் ஆள் அனுப்பினார்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

மகன் பிறந்த பிறகு, நன்றி சொல்லலாமென்று வீட்டுக்காரரோடும் பிள்ளைகளோடும் எக்கியார்குப்பம் போனேன். கன்னியம்மாள் வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. கழுத்தும் வெறுமையாக இருந்தது.

புயலில் அவள் புருஷனின் கட்டுமரம் திசைமாறிக் கடலூர் பக்கம் ஒரு குப்பத்தில் ஒதுங்கியிருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறார், காய்ச்சலாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்து சொல்லியிருக்கிறான். அவரைப் பார்க்கத்தான் அன்று அவள் பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்த நாள் காலையில்தான் அவர் இறந்திருக்கிறார். அதுவரைக்கும் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நான் அவள் காலில் விழுந்தேன். "என்னால தானேக்கா..."

தூக்கி நிறுத்தினாள். "அவரு பெரிய ஆளு, தாங்குவாருன்னு நெனச்சேன். உன் புள்ள தாங்காதுன்னு தெரிஞ்சுது. வேற என்னா செய்வேன் சொல்லு?" சொல்லிவிட்டு அழுதாள். லில்லியை வாங்கி அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போ என்றிருப்பேனா? உண்மையாகச் சொல்கிறேன், தெரியவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளைக்காக அவளை நிறுத்தினீரே, அவளுக்கு ஒரு நாள் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் ஜெபத்தை விடவில்லை. பதில் சொல்லாத அவர்தான் அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் என் கூப்பாட்டைக் கேட்டவர். நம்முடைய சபைக்கு வராத ஒருத்தியின் கையால் உதவி செய்தார். அதற்குப் பிறகு என் ஜெபம் என் வீட்டோடு நிற்பதில்லை.

லில்லி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கன்னியம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள். அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தில் இருக்கிற பெரியப்பா யார் என்று ஒருநாள் கேட்பாள். சொல்லத்தான் வேண்டும்.

அன்பானவர்களே, தைரியமாகக் கேளுங்கள். அவர் செவிகொடுக்கிறவர். கூடவே என் பொருட்டு இதையும் செய்யுங்கள். இங்கிருந்து பஸ் ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். அவருக்கும் ஒரு அவசரம் இருக்கலாம். அவர் இறங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.